கடல்வேலியும் மணவேலியும்: மூளை இரத்தநாள நோயின் மரபணு வரலாறும் அந்தமானும்

1906 முதல் 1908 வரை அந்தமான் தீவுகளில் களஆய்வு செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் திரட்டிக் கொண்டுபோனவற்றுள் அந்தமானியரின் தலைமுடியும் இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டக்வொர்த் ஆய்வகத்தில் அந்த முடி ஏறத்தாழ நூறாண்டு காலம் கிடந்தது. 2003இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் உள்ளிட்ட பன்னாட்டு அறிஞர் குழுவினர் அந்த முடியிலிருந்து பெற்ற டி.என்.ஏ.வைப் படித்து முடிவுகளை வெளியிட்டனர். 2005இல் வந்த அடுத்த கட்டுரை, ஓங்கே மக்களிடமும் பேரந்தமானியரிடமும் காணப்படும் தாய்வழிக் கிளைகள் மிகத் தொன்மையானவை என்றும், ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறிய தொடக்ககால மனிதரின் நேர்வழியில் வந்தவை என்றும் வாதிட்டது.

இந்த ஆய்வுகளின் சிறப்பை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் அவை கேட்ட கேள்வி, ‘இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்?’ என்பதே. அதே டி.என்.ஏ.வை நோக்கி மருத்துவ வரலாறு கேட்கக்கூடிய கேள்வி வேறு. ‘இவர்களின் குருதியில் எது தங்கியிருக்கும்? எது இவர்களின் பிள்ளைகளைத் தாக்கக்கூடும்?’ இந்த இரண்டாம் கேள்வியின் வரலாற்றை, மூளை இரத்தநாள நோய் என்னும் ஒரே எடுத்துக்காட்டின் வழியாக இப்பதிவில் தொகுத்துத் தர முயல்கிறேன். பதிவு நீளமானது, மாணவர்கள் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

என் வாதத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். மரபணுப் பிறழ்வு என்பது விதை மட்டுமே. அதை ஒரு மக்கள்குழுவுக்குள் திரளச் செய்வது மணஉறவின் எல்லை. அதை முளைக்கச் செய்வது பெரும்பாலும் வாழ்க்கைமுறை. பின்னிரண்டும் வரலாற்றின் பொருள்கள். ஆகவே பரம்பரை நோயைப் புரிந்துகொள்ள மரபணுவியலாளரும் நரம்பியல் மருத்துவரும் மட்டும் போதார். வரலாற்று மாணவரும் வேண்டும்.

நோய் எது?

பக்கவாதத்தின் பெரும்பகுதிக்கு உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகையிலை, இதய நோய் ஆகியவையே காரணம். இவற்றிலும் பரம்பரைக்குப் பங்குண்டு. ஆனால் அப்பங்கு நூற்றுக்கணக்கான மரபணுக்களில் சிறு சிறு துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரே மரபணுவின் பிறழ்வினால் மூளையின் இரத்தநாளம் கெடும் நோய்கள் அரியவை. அரியவையாயினும், நோய் நடைபெறும் முறையை நமக்குத் தெளிவாகக் காட்டியவை அவைதாம்.

அவற்றுள் மிகுதியும் அறியப்பட்டது ‘காடசில்’ எனச் சுருக்கமாக வழங்கும் நோய். 1976இல் பாரிசில் மரி-ஜெர்மேன் பூசே என்னும் நரம்பியல் மருத்துவர் ஒரு நோயாளியைக் கண்டார். உயர் இரத்த அழுத்தம் இல்லாதிருந்தும் அவரது மூளையின் சிறு தமனிகள் பழுதுபட்டிருந்தன. பின்னர் அவருடைய பிள்ளைகளும் அதே நோய்க்கு ஆளாயினர். எலிசபெத் தூர்னியே-லாசெர்வ் உள்ளிட்டோருடன் நடந்த ஆய்வில், 1993இல் அந்நோயின் இடம் 19ஆம் குரோமோசோமில் குறிக்கப்பட்டது; 1996இல் ‘நாட்ச்-3’ என்னும் மரபணுவே காரணம் என்று தெரிந்தது.

நாட்ச்-3 உருவாக்கும் புரதம், சிறு தமனிகளின் சுவரிலுள்ள மென்தசை உயிரணுக்களின் மேற்பரப்பில் ஓர் ஏற்பியாக அமைகிறது. அதன் வெளிப்பகுதியில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்கள் இரட்டை இரட்டையாகப் பிணைந்து புரதத்தின் மடிப்பைக் காக்கின்றன. பிறழ்வினால் ஒரு சிஸ்டீன் கூடினாலோ குறைந்தாலோ ஒன்று துணையின்றி நிற்கும். அவ்வாறு மடிப்புக் குலைந்த புரதம் நாளச்சுவரில் படிந்துகொண்டே போகிறது. மென்தசை அழிகிறது, சுவர் தடிக்கிறது, மூளையின் ஆழத்திலுள்ள வெண்பொருளுக்குக் குருதி குறைகிறது. ஒற்றைத்தலைவலி, நடுவயதில் மீண்டும் மீண்டும் வரும் சிறு பக்கவாதங்கள், இறுதியில் நினைவும் சிந்தனையும் தளர்தல் என நோய் படிப்படியாக வளர்கிறது. இது ஓங்குபண்பு நோய். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த ஒரு பிரதியே போதும்.

மற்றொரு வகை ஒடுங்குபண்பு நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட பிரதி வந்தாலன்றி அது வெளிப்படாது. ஜப்பானில் 1970களில், நெருங்கிய உறவில் மணந்த பெற்றோரின் பிள்ளைகளிடம், இளம்வயதிலேயே மூளையின் சிறுநாளங்கள் கெடுவதோடு தலைமுடி உதிர்தலும் முதுகுவலியும் சேர்ந்து வந்தன. 2009இல் அதற்குரிய மரபணு ‘எச்.டி.ஆர்.ஏ-1’ என்று கண்டறியப்பட்டது. இந்த இருவகை வேறுபாட்டை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அந்தமானின் வரலாற்றுக்கு வரும்போது அது தேவைப்படும்.

தீவுகள் கற்பித்த பாடம்

இத்துறையின் வரலாற்றைப் புரட்டினால் தீவுகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. முதலாவது ஐஸ்லாந்து. அந்நாட்டின் சில குடும்பங்களில் இளம்வயதினர் மூளையில் குருதி கசிந்து இறப்பதை ஆர்னி ஆர்னசன் என்னும் மருத்துவர் 1935இலேயே பதிவு செய்தார். 1988இல் ‘சிஸ்டாட்டின் சி’ என்னும் புரதத்தின் மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பது தெரிந்தது. மாறிய புரதம் மூளைத் தமனிகளின் சுவரில் படிந்து அதை உடையத்தக்கதாக்குகிறது. ஐஸ்லாந்தியர் பேணிவைத்திருந்த வம்சாவளிப் பதிவேடுகளின் துணையால், 16ஆம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த ஒரு மூதாதையிடம் இப்பிறழ்வு தொடங்கியிருக்கலாம் என்று கணிக்கப்பட்டது.

வியப்பு அதன் பிறகே வருகிறது. 2008இல் ஆஸ்திரிதுர் பால்ஸ்தோத்திர் உள்ளிட்டோர் அதே பதிவேடுகளைக் கொண்டு இப்பிறழ்வைத் தாங்கியவர்களின் வாழ்நாளைக் கணக்கிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் மற்றவர்களைப் போலவே முதுமை வரை வாழ்ந்திருந்தனர். அந்த நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர்களோ சராசரியாக 30 வயதளவிலேயே இறந்தனர். பிறழ்வு மாறவில்லை, எழுத்து அதே எழுத்து. மாறியது உணவும் வாழ்க்கையும். புளித்த மோர்த்தெளிவில் ஊறவைத்துக் காத்த உணவு குறைந்து, உப்பும் சர்க்கரையும் இறக்குமதித் தானியமும் பெருகிய காலம் அது. அம்மாற்றமே காரணமாகலாம் என்று அவ்வறிஞர்கள் கருதுகின்றனர். மரபணுவை ஊழ்வினையைப் போல் எண்ணுவோர் இந்த ஒரு சான்றை மறக்கலாகாது.

அடுத்து ஆசியா. நாட்ச்-3 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பிறழ்வு தைவானிலும் கொரியாவின் ஜேஜுத் தீவிலும் அசாதாரணமாக மிகுந்து காணப்படுகிறது. மூளையின் பெருந்தமனிகள் சுருங்கி, அவற்றுக்கு ஈடாக முளைக்கும் நுண்நாளங்கள் படத்தில் புகைபோல் தோன்றும் நோய்க்கு ஜப்பானியர் ‘மோயாமோயா’ என்று பெயரிட்டனர். அதற்கு ஏதுவாகும் ‘ஆர்.என்.எஃப்-213’ என்னும் மரபணு 2011இல் கண்டறியப்பட்டது. அதன் முதன்மையான பிறழ்வு ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் பரவியுள்ளது.

ஆனால் தீவாக இருப்பதற்குக் கடல் கட்டாயமில்லை. நெதர்லாந்தின் கடற்கரையில் காட்வெய்க் என்றொரு மீனவ ஊர் உண்டு. அவ்வூர்க் குடும்பங்களில் நடுவயதில் மூளைக் குருதிக்கசிவு ஏற்படுத்தும் பரம்பரை நோய் உண்டு. 1990இல் அதன் பிறழ்வு அறியப்பட்டது. நிலத்தோடு இணைந்த ஊர்தான் அது. எனினும் மக்கள் தமக்குள்ளேயே மணந்துகொண்டமையால் மரபணுவின் பார்வையில் அதுவும் ஒரு தீவாயிற்று. சிறு கூட்டம் ஒன்று தனித்துப் பெருகும்போது, அதன் மூதாதை ஒருவரிடம் தற்செயலாக இருந்த பிறழ்வு பல தலைமுறைகளுக்குப் பின் பலரிடம் காணப்படுவதை ‘நிறுவுநர் விளைவு’ என்பர். கடல்வேலி, மணவேலி இரண்டும் இதையே செய்கின்றன.

அந்தமானின் மூன்று வரலாறுகள்

இப்போது அந்தமானுக்கு வருவோம். அங்கு ஒரே மக்கள்வரலாறு இல்லை. ஒன்றுக்கொன்று நேர்மாறான மூன்று உள்ளன.

முதலாவது, குறுகலின் வரலாறு. 1858 மார்ச் 10 அன்று ஜே.பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கிப் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) தண்டனைக் குடியிருப்பைத் தொடங்கினார். அதன்பின் மேகப்புண்ணும் 1877இன் தட்டம்மையும் பேரந்தமானியரை அழித்தன. சில ஆயிரமாக இருந்தவர்கள் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். 2011இல் 44 பேர். ஓங்கே மக்கள் 1901இல் 672 பேர் எனக் கணக்கிடப்பட்டனர். 2011இல் 101 பேர். இத்தகைய குறுகலுக்குப் பின் எந்தப் பிறழ்வு எஞ்சும், எது மறையும் என்பது பெரும்பாலும் தற்செயல். இம்மக்களிடம் மூளை இரத்தநாளப் பிறழ்வு உண்டு என்பது என் கூற்றன்று. கொள்ளைநோயும் குடியேற்றமும் ஒரு மக்களின் எண்ணிக்கையை மட்டுமன்றி, அவர்களின் மரபணுக் கையிருப்பையும் மாற்றி எழுதும் என்பதே என் கூற்று. ‘தொன்மையான தூய மரபு’ என்று நாம் வியந்து நோக்குவது, ஓரளவு 19ஆம் நூற்றாண்டின் பேரழிவு விட்டுச்சென்ற எச்சமும் ஆகும்.

இரண்டாவது, கலப்பின் வரலாறு. தண்டனைக் குடியிருப்புக்குத் துணைக்கண்டத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். குறிப்பிட்ட ஆண்டுகள் தண்டனை கழித்தோர் மணம்செய்துகொண்டு நிலம் பெற்றுக் குடியமர அனுமதிக்கப்பட்டனர். பெண் கைதிகள் மிகச் சிலரே ஆதலால் சொந்த ஊர், மொழி, சாதி பார்த்து மணப்பது பலருக்கும் இயலாததாயிற்று. அவர்களின் வழிவந்தோரே ‘லோக்கல் பார்ன்’ எனப்படும் சமூகத்தினர். இந்துஸ்தானி அவர்களுக்குப் பொதுமொழியாயிற்று. தாய்நாட்டில் ஈராயிரம் ஆண்டுகளாகக் காக்கப்பட்ட மணவேலி, தண்டனை என்னும் கொடுமையின் எதிர்பாராத விளைவாக, ஓரிரு தலைமுறைகளிலேயே தளர்ந்தது.

மரபணுவியலில் இதன் பொருள் என்ன? ஒடுங்குபண்பு நோய்க்கு ஒரே பழுது இருபுறமிருந்தும் வந்து சேர வேண்டும். வெவ்வேறு மூதாதையரைக் கொண்ட இருவர் மணக்கும்போது அந்தச் சந்திப்பு அரிதாகிறது. ஓங்குபண்பு நோய்க்கு இந்தக் காப்பு இல்லை; காடசில் போன்ற நோயைத் தாங்கியவர் எவரை மணந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆகவே கலப்பு எல்லாவற்றையும் தீர்க்கும் மருந்தன்று. எனினும், அரிய பிறழ்வுகள் ஒரே குழுவில் திரளும் வழியை அது அடைக்கிறது.

மூன்றாவது, பெயர்ப்பின் வரலாறு. 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து ஓராவோன், முண்டா, காரியா மக்கள் காட்டுவேலைக்காகக் கொண்டுவரப்பட்டனர். தீவில் அவர்கள் ‘ராஞ்சிக்காரர்’ ஆயினர். 1920களில் மலபாரிலிருந்து மாப்பிளாக்களும் பர்மாவிலிருந்து கரேன் மக்களும் வந்தனர். விடுதலைக்குப் பின் கிழக்கு வங்காள அகதிகள் வந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்களுள் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். கங்காணி முறையில் ஒருமுறை கடல் கடந்த குடும்பங்கள் மீண்டும் ஒருமுறை கடல் கடந்தன.

மரபணு தனியே பயணம் செய்வதில்லை, கப்பலேறியவரோடுதான் ஏறுகிறது. இதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் பண்பு இருப்பதைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் அது கண்டறியப்பட்டது. அசாமுக்கும் அந்தமானுக்கும் ஆள்திரட்டப்பட்ட நிலப்பரப்பு ஏறத்தாழ ஒன்றே. எனவே தீவுகளில் ஒரு பரம்பரை நோயின் வரைபடத்தை வரைய விரும்புவோர் ஆய்வகத்தோடு நின்றுவிடாமல், தொழிலாளர் பதிவேட்டையும் கப்பல் பட்டியலையும் திறந்து பார்க்க வேண்டும்.

குருதி எடுத்தது எதற்காக?

லேமனின் கேள்வியும் ராட்கிளிஃப்-பிரவுன் காலத்துக் கேள்வியைப் போன்றதே. நீலகிரி மக்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இனத்தொடர்பு உண்டா என்பதை அறியக் குருதி பார்க்கப்பட்டது. 1980களின் மரபணு ஆய்வுகள், இந்தியாவில் காணப்படும் அரிவாள் செல் மரபணு ‘அரபு–இந்திய’ வகை எனத் தனித்து நிற்பதைக் காட்டின.

ஆனால் அரிவாள் செல் இரத்தசோகை வெறும் இன அடையாளமன்று; மூளையின் நாளங்களைக் கெடுக்கும் பரம்பரை நோய்களுள் உலகளவில் மிக முக்கியமானது. வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் மூளைக்குச் செல்லும் பெருந்தமனிகளின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. சுவர் தடித்து வழி குறுகுகிறது. சிலரிடம் மோயாமோயாவைப் போன்ற புகைநாளங்களும் தோன்றுகின்றன. குழந்தைகளுக்குப் பக்கவாதம் வருவது இவ்வாறே. அரபு–இந்திய வகையைக் கொண்டவர்களிடம் கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் பொதுவாக நோயின் கடுமை குறைவு. எனினும் ஆபத்து இல்லாமல் இல்லை.

1998இல் அமெரிக்காவில் ராபர்ட் ஆடம்ஸ் உள்ளிட்டோர் ஒரு ஆய்வை வெளியிட்டனர். தலையின் புறத்தே வைக்கும் ஒலியலைக் கருவியால் குருதியோட்டத்தின் வேகத்தை அளந்து, ஆபத்திலுள்ள குழந்தைகளைத் தேர்ந்து முறையாகக் குருதி ஏற்றியபோது, முதல் பக்கவாதம் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நீலகிரியில் அம்மரபணு கண்டறியப்பட்டு 46 ஆண்டுகள் கழித்து வந்த செய்தி இது. இந்திய அரசின் தேசிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கியது 2023 ஜூலை 1 அன்று. கண்டறிதலுக்கும் இயக்கத்துக்கும் இடைப்பட்ட 71 ஆண்டுகளில் நோயோடு வாழ்ந்தவர்கள் மூன்று தலைமுறையினர். குருதி ‘மூலம்’ தேடுவோருக்கு உடனே விடை தந்தது. தந்தவர்களுக்கு அதன் பயன் திரும்ப எழுபதாண்டு ஆயிற்று.

தாய்நிலமே தீவு

இனி, நம்மை நோக்கித் திரும்புவோம். ‘அந்தமான் மக்கள் தனித்தவர்கள், நாம் பெருங்கடலான மக்கள்’ என்ற எண்ணம் நமக்கு உண்டு. 2017இல் நேச்சர் ஜெனட்டிக்ஸ் இதழில் தங்கராஜ், டேவிட் ரைக் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைக் குலைத்தது. தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்ததில், 81 குழுக்களின் நிறுவுநர் விளைவு, உலகம் உதாரணம் காட்டும் பின்லாந்தியரையும் அஷ்கெனாசி யூதரையும் விட வலுவாக இருந்தது. அவற்றுள் 14 குழுக்கள் தலைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உடையவை. எண்ணிக்கையில் கடல், மணத்தில் தீவு. ஆந்திர, தமிழக ஆரிய வைசியரிடம் மயக்கமருந்தோடு தரப்படும் ஒருவகைத் தசைத்தளர்த்தி மருந்துக்கு உடல் ஈடுகொடுக்க இயலாமை பரம்பரையாக வருவது மருத்துவர்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு.

இதனோடு தமிழகத்தில் இன்றும் நான்கில் ஒரு மணத்துக்கு மேல் உறவுக்குள் நிகழ்வதைச் சேர்த்துப் பாருங்கள். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்னும் உரிமைமுறையின் சமூகப் பயன்களை நான் மறுக்கவில்லை. ஒடுங்குபண்பு நோயின் கணக்கில் அதற்கு விலை உண்டு என்பதை மட்டும் சுட்டுகிறேன். கைதிகளின் பேரப்பிள்ளைகள் என்று ஒருகாலத்தில் இழிவாகப் பேசப்பட்ட லோக்கல் பார்ன் சமூகம், குலப்பெருமை பேசும் நம்முள் பலரை விட அந்த விலையைக் குறைவாகவே செலுத்த வாய்ப்பு உண்டு. வரலாற்றின் இந்த முரணை மாணவர்கள் சிந்திக்க வேண்டும்.

விதையும் மண்ணும்

ஒரு கேள்வி எஞ்சுகிறது. பிறழ்வு இருந்தால் நோய் உறுதியா? காடசில் மிக அரிய நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 2016இல் பெரும் மரபணுத் தொகுப்புகளைப் படித்தபோது, அவ்வகை நாட்ச்-3 பிறழ்வைத் தாங்கியவர்கள் ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் என்று தெரிந்தது. அவர்களுள் பலருக்குக் கடும்நோய் இல்லை. பிறழ்வு புரதத்தின் எப்பகுதியில் விழுந்தது என்பதும், புகைபிடித்தல், இரத்த அழுத்தம் ஆகியவையும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

இங்கேதான் ஐஸ்லாந்தின் பாடம் நிக்கோபாருக்கு வருகிறது. கார் நிக்கோபார் தீவில் நிக்கோபாரியரிடையே நடந்து 2011இல் வெளியான ஆய்வில், பெரியவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. தென்னையும் தாழையும் கிழங்கும் மீனும் பன்றியும் உணவாக இருந்த தீவு அது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் அங்குக் குடியிருப்பு, உழைப்பு, உணவு அனைத்தும் விரைந்து மாறின. இவ்வழுத்தத்தை ஒரு மரபணுவின் மேல் சுமத்துவது அறிவியலாகாது. ஆனால் மூளைநாளத்தைப் பொறுத்தவரை, எத்தகைய விதை இருப்பினும் அதற்கு நீர் வார்ப்பது இரத்த அழுத்தமே. அழுத்தத்தை அளப்பதற்கு மரபணுக் கூடம் வேண்டா. ஒரு துணைச் சுகாதார நிலையமும் தவறாமல் கிடைக்கும் மாத்திரையும் போதும்.

ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. ஒரு மக்களின் குருதியைத் தொடும்முன் மூன்றைப் படியுங்கள்: அவர்கள் எவ்வாறு குறைந்தனர், எவரோடு மணந்தனர், எதை உண்டனர். பின்னர் நான்காவதாக ஒன்றைக் கேளுங்கள்: எடுப்பதற்கு ஈடாக எதைத் திருப்பித் தரப்போகிறோம்? ஒரு பிறழ்வைக் கண்டறிந்தால் அதை அம்மக்களின் மொழியில் எடுத்துரைக்கும் ஆலோசகர் இருக்க வேண்டும். அவர்கள் ‘நோய்க்குலம்’ என்று முத்திரை குத்தப்படாத காப்பும் இருக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜுக்குப் போன அந்த முடிக்கு உரியவர்களின் பெயர்களை நாம் அறியோம். மனிதகுலத்தின் தொடக்கம் குறித்து அவர்கள் நமக்கு ஓர் அதிகாரத்தையே எழுதித் தந்தார்கள். அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுள் ஒருவருக்கு நாற்பது வயதில் கைகால் மரத்துப் போனால், காரணத்தை அறிந்து சொல்ல அருகில் ஒரு மருத்துவர் இருப்பாரா என்பதே அந்தக் கடனை நாம் தீர்த்தோமா என்பதற்கான அளவுகோல்.